லோரி முகப்புக் காப்பு: கோலா மூடா வட்டாரத்தில் ஒரு பட்டறை வேலை

சாலையில் மாடோ காட்டுப் பன்றியோ குறுக்கே வந்து மோத நேர்ந்தால், லோரியின் கிரில், ரேடியேட்டர், முன்விளக்குகள் ஆகியவை உடையாமல் தாங்குவதற்காக முகப்பில் பொருத்தப்படும் சட்டமே முகப்புக் காப்பு. லோரி ஓட்டுநர்களும் பட்டறைக்காரர்களும் இதைப் ‘புல்பார்’ என்பார்கள். பார்வைக்கு இது சில குழாய்களும் நான்கு தகடுகளும்தான். ஆனால் மோதலின்போது இது வாங்கும் அடி முழுவதும் போல்ட்டுகள் வழியாக லோரியின் சேசிஸுக்குப் போய்ச் சேர்கிறது. அதனால், குழாயின் தடிமனைவிட அது எந்த இடத்தில், எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்பதே இதன் பலத்தைத் தீர்மானிக்கிறது. கோத்தா கோலா மூடாவிலிருந்து சுங்கைப்பட்டாணி வரை உள்ள சாலைகளையும் அவற்றை அண்டிய பட்டறை வேலையையும் முன்வைத்து, முகப்புக் காப்பைத் தேர்வதையும் செய்வதையும் மாட்டுவதையும் இக்கட்டுரை வரிசையாக விளக்குகிறது.

ஊரும் சாலையும் சுமையும்

கெடா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், மூடா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே உள்ளது கோத்தா கோலா மூடா. ஆற்றுக்குத் தெற்கே பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறை தொடங்குகிறது. கரையோரம் மீன்பிடி ஊர்கள். அவற்றை ஒட்டி வயல்கள். கிழக்கே சுங்கைப்பட்டாணி, பீடோங் பக்கம் போகப் போகச் செம்பனைத் தோட்டங்களும் எஞ்சியிருக்கும் ரப்பர் தோட்டங்களும். கோலா மூடா மாவட்டத்தின் தலைநகரான சுங்கைப்பட்டாணி வழியாகத்தான் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை செல்கிறது. மீன் பெட்டி ஏற்றும் சிறு லோரி, அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றும் லோரி, செம்பனைக் குலை ஏற்றும் கனரக லோரி என மூன்று வகை வண்டிகளும் ஒரே சாலையில் ஓடும் வட்டாரம் இது.

இந்தத் தோட்டங்களில் ஒருகாலத்தில் பால்மரம் எனப்படும் ரப்பரே முதன்மைப் பயிர். 1960களுக்குப் பிறகு ரப்பரின் இடத்தைச் செம்பனை படிப்படியாகப் பிடித்தது. அதோடு லோரியின் வேலையும் மாறியது. வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுசேர்ப்பது நல்லது. தாமதமானால் பழத்தில் கொழுப்பமிலம் கூடி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். ஆகவே குலை லோரி பொழுது சாய்ந்த பிறகும், மழையிலும், தோட்டத்து மண் சாலையிலும் ஓட வேண்டியிருக்கிறது. காட்டுப் பன்றி வெளியே வருவதும் அதே நேரத்தில்தான். வயல் பக்கத்துச் சாலையில் படுத்துக்கிடக்கும் மாடும் எருமையும் இருட்டில் கடைசி நிமிடத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். தோட்டத்துக்குள் தாழத் தொங்கும் மட்டையும் கிளையும் நாள்தோறும் கிரில்லை உரசும்.

முகப்புக் காப்புக்கு ஓர் எல்லை உண்டு. 2025 மே 11 அன்று கிரிக்–ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் லோரி மோதி ஒரு யானைக் கன்று இறந்தது. கன்றைப் பிரிய மனமின்றித் தாய் யானை அந்த லோரியையே தலையால் முட்டி நின்ற காட்சியை நாடே பார்த்தது. அத்தகைய மோதலில் எந்த முகப்புக் காப்பும் விலங்கைக் காப்பாற்றாது. வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி. 300 கிலோ எடையுள்ள மாட்டை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் லோரி மோதி, அதே வேகத்துக்கு உந்தித் தள்ளினால், மாட்டுக்குப் போகும் இயக்க ஆற்றல் மட்டும் சுமார் 42,000 ஜூல். வேகம் 80 ஆனால் அது 74,000 ஜூலாகிறது. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும்போது அடி ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடுகிறது. முகப்புக் காப்பை வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுகிறவர், அது தரும் பாதுகாப்பை அங்கேயே இழந்துவிடுகிறார்.

எந்த லோரிக்கு எந்தச் சட்டம்

தேர்வு லோரியின் முகத்திலிருந்து தொடங்குகிறது. கென்வொர்த், பீட்டர்பில்ட் போன்ற அமெரிக்க லோரிகளில் இயந்திரம் மூக்குப் பகுதியில் இருக்கும். இயந்திரத்தைப் பார்க்க மூக்கை முன்பக்கம் கவிழ்க்க வேண்டும். ஆகவே அந்நாட்டுக் கனரகக் காப்புகள் பெரும்பாலும் கீல் வைத்தவை. இரண்டு பின்களை உருவினால் முழுச் சட்டமும் முன்னால் சாய்ந்து மூக்குக்கு வழிவிடும். மலேசியாவில் ஓடும் ஹீனோ, இசூசு, ஃபூசோ, யூடி, ஸ்கேனியா, வோல்வோ ஆகியவற்றில் ஓட்டுநர் அறை இயந்திரத்தின் மேலேயே அமர்ந்திருக்கிறது. இயந்திரத்தைப் பார்க்க அந்த அறையே முன்னால் கவிழும். அறையின் முன்தகடும் மேல்நோக்கித் திறக்கும். வைப்பர் நீரையும் வேறு சிலவற்றையும் சரிபார்ப்பது அங்கேதான். இந்த இரண்டு அசைவுகளுக்கும் இடைஞ்சல் தரும் சட்டம், எவ்வளவு பலமாக இருந்தாலும், பழுது பார்க்கும் நாளில் தொல்லையாகிவிடும்.

அடுத்த கேள்வி, எதைத் தடுக்கப் போகிறோம் என்பது. கல்லும் மட்டையும்தான் தொல்லை என்றால் கிரில்லுக்கு முன்னால் ஒரு வலைச்சட்டம் போதும். பன்றியும் மாடும் குறுக்கே வரும் சாலை என்றால் பம்பர் மட்டத்தில் ஒரு தடித்த குறுக்குக் குழாயும், கிரில்லின் பாதி உயரம் வரை இரண்டு செங்குத்துக் குழாய்களும் வேண்டும். விளக்குகளையும் சுற்றி வளைக்கும் முழுச்சட்டம் காட்டுப்பாதை லோரிகளுக்கே பொருந்தும். கங்காருக்களுக்குப் பயந்து கனரகக் காப்பை ஒரு தனித்தொழிலாகவே வளர்த்த ஆஸ்திரேலியா, வாகன முகப்புக் காப்புகளுக்கென 2002இல் தர நெறிமுறை ஒன்றையும் வகுத்தது. நகரத்துக்குள் கடைச் சரக்கு இறக்கும் லோரிக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. அங்கே குறுக்கே வருவது மனிதர்களும் மோட்டார் சைக்கிள்களும். அவர்கள்மீது படும் இரும்பு காயத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

மூன்றாவது, பொருள். பட்டறைகளில் அதிகம் புழங்குவது சாதாரண இரும்புக் குழாய். 60 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட குழாய் ஒரு மீட்டருக்கு ஐந்தரைக் கிலோ எடை இருக்கும். இரண்டு மீட்டர் அகலத்தில் மூன்று குறுக்குக் குழாய்களும் நான்கு செங்குத்துக் குழாய்களும் வைத்தால் குழாய் மட்டுமே ஐம்பது கிலோவைத் தாண்டும். தாங்கு தகடுகளைச் சேர்த்தால் எழுபதை நெருங்கும். அத்தனை எடையும் முன் அச்சுக்கு முன்னால் தொங்கி அதன்மேல் விழுகிறது. அலுமினியத்தின் எடை இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அது அதே விறைப்பைத் தர வேண்டுமானால் குழாய் பெரிதாக வேண்டும். அதை ஒட்டுவதற்குத் தனிக் கைத்திறனும் தனி வெல்டிங் பெட்டியும் வேண்டும்.

கோத்தா கோலா மூடா போன்ற கரையோர ஊரில் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படும் 304 வகையிலும் கடற்கரையில் சில மாதங்களில் பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிடும். மாலிப்டினம் கலந்த 316 வகை நின்று பிடிக்கும், விலையும் அதிகம். பலர் தேர்ந்தெடுப்பது நாகப் பூச்சிட்ட இரும்பு, அல்லது நாகம் கலந்த அடிப்பூச்சின்மேல் வண்ணம் பூசிய இரும்பு. துருப்பிடிக்காத எஃகுச் சட்டத்தைச் சாதாரண இரும்புத் தகட்டோடு நேராக முடுக்கினால், இரண்டும் தொடும் இடத்தில் உப்புநீர் பட்டு இரும்பு விரைவாக அரிக்கும். இடையில் ரப்பரோ நைலானோ வைத்துப் பிரிப்பது பழகிய கைகளின் வழக்கம்.

சட்டமும் பாதுகாப்பும்

லோரி ஒன்றின் முகப்பை மாற்றுவது உரிமையாளரின் விருப்பத்தோடு முடிவதில்லை. மலேசியாவில் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959ஆம் ஆண்டின் மோட்டார் வாகனக் கட்டுமான, பயன்பாட்டு விதிகளும் வாகனத்தின் அளவையும் விளக்கையும் மாற்றங்களையும் கட்டுப்படுத்துகின்றன. வணிக லோரிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை நிலையத்துக்குப் போக வேண்டும். 1994இல் தொடங்கிய புஸ்பாகோம் இதற்காகவே அமைந்தது. ஆகவே முகப்புக் காப்பைச் செய்யக் கொடுக்கும் முன்பே ஜேபிஜே என்னும் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் கேட்டு, என்ன அனுமதி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வதே சரியான வரிசை. செய்துவிட்டுக் கழற்றுவது இரட்டைச் செலவு.

உலகம் முழுவதும் இத்தகைய விதிகளின் போக்கு ஒன்றுதான்: லோரியைக் காப்பதற்காக வெளியே இருப்பவரைப் பலி கொடுக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் கார்கள், சிறு வணிக வாகனங்கள் ஆகியவற்றின் முகப்புக் காப்புகளுக்குச் சோதனைகளை வகுத்தது. பாதசாரியின் தலையும் காலும் படும்போது எவ்வளவு அடி விழும் என்று அளந்தே அவை அனுமதிக்கப்படுகின்றன. இந்தியாவில் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வாகனங்களில் இத்தகைய காப்புகளை மாட்டுவது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரணானது என்று கூறி, நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது.

கனரக லோரிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. லோரியும் காரும் நேருக்கு நேர் மோதும்போது தாழ்வான கார் லோரியின் அடியில் புகுந்துவிடும். அதைத் தடுக்கப் பம்பருக்குப் பின்னால் சேசிஸோடு இணைந்த குறுக்குச் சட்டம் ஒன்று உண்டு. ஐக்கிய நாடுகளின் 93ஆம் எண் ஒழுங்குமுறைப்படி அது தரையிலிருந்து 400 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. வண்டியின் எடைக்கேற்ப 160 கிலோ நியூட்டன் வரையான விசையைத் தாங்கிச் சோதனையில் தேற வேண்டும். முகப்புக் காப்பை மாட்டும் பட்டறை இந்தக் குறுக்குச் சட்டத்தை அறுக்கவோ, துளையிடவோ, அதன்மேல் ஒட்டவோ கூடாது. அது எதிரே வரும் குடும்பத்தின் உயிர்க்காப்பு.

செய்யும் கைகள்

இந்த வட்டாரத்துக்கு இரும்பு புதிதல்ல. பூஜாங் பள்ளத்தாக்கைச் சேர்ந்த சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009 முதல் நடத்திய அகழாய்வில் பழங்கால இரும்பு உருக்குக் களங்களும், உலைக்குக் காற்று ஊதிய சுடுமண் குழல்களும் பெருமளவில் கிடைத்தன. தமிழ்க் கல்வெட்டுகள் கடாரம் என்று குறித்த இந்தக் கெடாவில் இரும்பு வணிகப் பொருளாகவே இருந்தது. இன்றைய சிறு பட்டறையில் வெல்டிங் பெட்டி, கிரைண்டர், குழாய் வளைக்கும் ஹைட்ராலிக் கருவி, ஓர் அளவுநாடா ஆகியவை இருந்தால் வேலை தொடங்கிவிடும்.

முதலில் அட்டையில் வடிவம் வெட்டி லோரியின் முகப்பில் வைத்துப் பார்ப்பார்கள். விளக்கின் ஓரம், எண்தகடு, இழுவைக் கொக்கி ஆகிய மூன்றையும் அட்டையில் குறித்துக்கொண்ட பிறகே குழாயில் கை வைப்பார்கள். கருவி இல்லாத காலத்தில் குழாயை வளைக்க உலர்ந்த மணலை உள்ளே இறுக நிரப்பி, இரு முனையையும் அடைத்து, சூடாக்கி வளைத்தார்கள். மணல் இருப்பதால் வளைவில் குழாய் ஒடுங்குவதில்லை. இன்று ஹைட்ராலிக் கருவி அந்த வேலையைச் செய்கிறது.

ஒரு குழாய் இன்னொரு குழாயின் மேல் உட்காரும் இடம்தான் கைத்திறனைக் காட்டும். முனையை நேராக வெட்டி வைத்தால் இரண்டு புள்ளிகளில் மட்டுமே தொடும். மீதி இடைவெளியை வெல்டிங் கம்பியால் நிரப்பியது வெளியே அழகாகத் தெரிந்தாலும் மோதலில் முதலில் விடுவது அதுவே. நல்ல வேலைக்காரர் முனையை மீன் வாய் போல் குழிவாக வெட்டி, கிரைண்டரால் இழைத்து, ஒளி ஊடுருவாத அளவுக்குப் பொருத்துவார். பின் நான்கு இடங்களில் டேக் எனப்படும் தற்காலிக ஒட்டு அடித்து நிறுத்தி, மூலைக்கு மூலை அளவுநாடாவைப் பிடித்து இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார். சரியென்றால் ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என மாற்றி மாற்றி ஒட்டுவார். ஒரே பக்கத்தில் தொடர்ந்து ஒட்டினால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

முனைகளை மூடிய குழாயின் அடியில் ஒரு சிறு துளை இருக்க வேண்டும். மழைநீரும் கடற்காற்றின் ஈரமும் உள்ளே தங்கினால் வெளியே வண்ணம் பளபளக்கும்போதே உள்ளே குழாய் மெலிந்துவிடும். நாகத் தொட்டியில் முக்கப் போகும் சட்டத்துக்கு இந்தத் துளை இன்னும் அவசியம். உருகிய நாகத்தின் சூட்டில் அடைபட்ட காற்றும் ஈரமும் விரிந்து குழாய் வெடித்தால் அருகில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

வேலைக்காரர்களின் உடலும் இந்த வேலையின் பகுதிதான். நாகப் பூச்சிட்ட குழாயை அப்படியே ஒட்டினால் எழும் வெண்புகை, சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சலாகத் திரும்பும். பால் குடித்தால் போகும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் உண்டு. ஆனால் ஒட்டும் இடத்தில் பூச்சை முன்பே தேய்த்து எடுப்பதும், காற்றோட்டமும், தகுந்த முகமூடியுமே காப்பாற்றும். கண்ணாடி போடாமல் ‘ஒரு டேக்தானே’ என்று அடித்தவருக்கு இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும். பக்கத்தில் நின்று பார்த்த பையனுக்கும் அதே கதி. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் சில விலக்குகள் நீங்கலாக எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. இரண்டு பேர் வேலை பார்க்கும் தகரக் கொட்டகைப் பட்டறையும் அதற்குள் அடங்கும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் பதிந்திருப்பதும் அங்கே வெறும் தாள்வேலையல்ல. கை போனால் குடும்பத்துக்குச் சோறு போடுவது அதுதான்.

மாட்டும் முறை

லோரியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பேட்டரியின் இரு முனைகளையும் கழற்றுவது முதல் வேலை. லோரியில் எங்கேனும் வெல்டிங் வைக்க நேர்ந்தால், அந்த மின்னோட்டம் இயந்திரத்தின் மின்னணுப் பெட்டியை எரித்துவிடக்கூடும். எனினும் மாட்டும் நேரத்தில் வெல்டிங்கே வேண்டியதில்லை என்னும்படி சட்டத்தை முன்கூட்டியே முடித்துவைப்பதுதான் நல்ல பட்டறையின் அடையாளம்.

பல லோரிகளில் பம்பரின் மேலுறை பிளாஸ்டிக். அதில் எதையும் மாட்டக் கூடாது. அதைக் கழற்றினால் சேசிஸின் இரு நீளச் சட்டங்களின் முனைகளும் தெரியும். தயாரிப்பாளர் முன்பே இட்டிருக்கும் துளைகள் அங்கே உண்டு. தாங்கு தகடுகளை அந்தத் துளைகளிலேயே பொருத்த வேண்டும். துளை பொருந்தவில்லை என்று சேசிஸின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ புதிதாகத் துளையிடுவது பெரும் தவறு. வளைவு விசை அதிகம் தாங்கும் இடம் அந்த விளிம்புகள்தான். ஒரு துளையிலிருந்து தொடங்கும் விரிசல் பாரம் ஏற ஏற நீளும். பொருந்தாதபோது மாற்ற வேண்டியது தகட்டைத்தான்.

போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். எண் இல்லாத மலிவு போல்ட் முதல் மோதலிலேயே துண்டாகும். 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள 8.8 தரப் போல்ட்டை ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்க வேண்டும். தயாரிப்பாளரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே முடிவு. அளவு காட்டும் ஸ்பானர் இல்லாமல் கையின் பழக்கத்தை மட்டும் நம்பினால் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளரும்.

எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் தளர்வாகவே மாட்டுவார்கள். இரண்டு பேர் சட்டத்தைத் தாங்கிப் பிடிக்க, மூன்றாமவர் பத்தடி தள்ளி நின்று கண்ணால் மட்டம் பார்ப்பார். “அண்ணே, இடது பக்கம் ஒரு விரல் கீழே இறங்கியிருக்கு, கொஞ்சம் தூக்குங்க” என்பார். தகட்டுக்குப் பின்னால் மெல்லிய இரும்புத் துண்டு ஒன்றைச் சொருகி மட்டம் சேர்த்த பிறகே வரிசையாக முடுக்குவார்கள்.

அடுத்து வருவது சோதனை. அவசரப்படும் பட்டறைகள் தவறவிடுவதும் இதைத்தான். ஓட்டுநர் அறையை முழுதாகக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். சட்டத்தில் எங்கும் உரசக் கூடாது. முன்தகட்டைத் திறந்து மூட வேண்டும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி டயர் தகட்டைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். இருட்டியதும் சுவருக்கு எதிரே நிறுத்தி விளக்கைப் போட்டால், குழாயின் நிழல் ஒளியின் நடுவில் விழுகிறதா என்பது தெரியும். பக்கவாட்டில் நடந்து சென்று திருப்ப விளக்கு மறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். மறைத்தால் அதற்கு விலை கொடுப்பவர் பக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிள்காரர். எண்தகடு முழுதாகத் தெரிய வேண்டும். பழுதானால் இழுத்துச் செல்ல, இழுவைக் கொக்கிக்குக் கை எட்ட வேண்டும்.

புதிய லோரிகளில் முன்னால் இருப்பதைக் கண்டு தானாகப் பிரேக் பிடிக்கும் ராடார், பம்பரின் நடுவிலோ கிரில்லிலோ இருக்கும். அதன் முன் ஒரு குழாய் வந்தாலும் அது குருடாகலாம், அல்லது இல்லாத தடையைக் கண்டு பிரேக் பிடிக்கலாம். அத்தகைய லோரிக்குத் தயாரிப்பாளர் ஒப்புதல் தந்த சட்டத்தைத் தவிர வேறொன்றையும் மாட்டக் கூடாது.

ரேடியேட்டருக்குக் காற்று போவதையும் கவனிக்க வேண்டும். அடர்ந்த வலையும் அகலப் பட்டைகளும் காற்றைத் தடுக்கும். செம்பனைத் தோட்டத்துச் சேறும் நாரும் அதில் அடைத்தால் மேட்டில் ஏறும்போது இயந்திரம் சூடேறும். பாரம் ஏற்றி ஒரு மேடு ஏறிப் பார்த்து, வெப்பமானி வழக்கமான இடத்தில் நிற்கிறதா என்று உறுதி செய்த பிறகே லோரியைச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். சட்டத்தின் கீழ்க்குழாய் மிகவும் தாழ்ந்திருந்தால் தோட்டத்துச் சிறு பாலங்களின் ஏற்றத்தில் இடிக்கும் என்பதும் அந்த ஓட்டத்திலேயே தெரிந்துவிடும்.

மாட்டிய பிறகு

புதுச் சட்டத்தின் போல்ட்டுகள் முதல் சில நாள் ஓட்டத்தில் அமர்ந்து தளரும். ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்ப முடுக்க வேண்டும். பிறகு எண்ணெய் மாற்றும்போதெல்லாம் பார்த்தால் போதும். நட்டையும் தகட்டையும் சேர்த்து வண்ணத்தால் ஒரு கோடு போட்டுவைத்தால், கோடு விலகியதைக் கண்டு தளர்வை ஓட்டுநரே அறியலாம். கடற்கரைப் பக்கம் ஓடும் லோரியை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவ வேண்டும். வண்ணம் பெயர்ந்த இடத்தைத் துரு பரவும் முன்பே தேய்த்துப் பூச வேண்டும்.

மோதலுக்குப் பிறகு வளைந்த குழாயைச் சூடாக்கி நிமிர்த்தித் திரும்ப மாட்டுவது சிக்கனம்போல் தோன்றும். ஆனால் ஒருமுறை வளைந்து நிமிர்ந்த இரும்பும், அடி வாங்கிய போல்ட்டும் அடுத்த முறை அதே பலத்தைத் தராது. குழாயையும் போல்ட்டையும் மாற்ற வேண்டும். அதற்கும் முன்பு, தாங்கு தகடுகளைக் கழற்றிச் சேசிஸ் முனைகளில் விரிசல் உண்டா, துளைகள் நீண்டிருக்கின்றனவா, இரு முனைகளும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். சட்டம் நன்றாக இருந்தும் சேசிஸ் வளைந்திருந்தால், அந்தக் காப்பு லோரியின் தாங்குதிறனைவிட விறைப்பானது என்று பொருள். அப்போது மறுபடி அதே கனத்தில் மாட்டாமல், மெல்லிய குழாயில் இலகுவான சட்டம் ஒன்றைத் தேர்வதே சரி: உடைந்தால் குழாய் உடையட்டும், சேசிஸ் நிற்கட்டும்.